முப்பதாம் நாள் வேட்டியைத் துவைத்தவன்

திருவள்ளூர் மாவட்டத்துக்குப் போகிறவன் திருவள்ளூரில் இறங்கினால் அது தப்பா? நான் இறங்கினேன். ஸ்டேஷனுக்கு வெளியே வந்து, வெள்ளைச் சட்டையை நீவி விட்டுக்கொண்டு, என்னை அழைத்திருந்த ஜெனிபருக்கு போன் போட்டேன்.

"வந்துட்டனுங்க கண்ணு. திருவள்ளூர் ஸ்டேஷன் வாசல்ல நிக்கறேன்."

"திருவள்ளூருக்கு இன்னாத்துக்கு சார் போனீங்க? கும்மிடிப்பூண்டி வண்டியில ஏறி கவரைப்பேட்டைல எறங்கச் சொன்னேனே."

"நீங்க அனுப்பின லெட்டர்ல திருவள்ளூர் மாவட்டம்னு போட்டிருந்துதுங்க."

"உங்க லெட்டர்ல கோயம்புத்தூர் மாவட்டம்னு போட்டுகீது. அதுக்காக பொள்ளாச்சிக்கு வர்றவங்க கோயம்புத்தூர்லயே குந்திக்குவாங்களா சார்?"

பத்தொன்பது வயசுப் பெண். பி.காம் இரண்டாம் வருஷம். பார்ப்பதற்கு முன்பே என்னை முழுசாகப் புரிந்துகொண்டுவிட்டாள்.

நான் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியார். விழிப்புணர்வுச் சுவர் ஓவியம் என்றால் எங்கள் வட்டாரத்தில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இரண்டு உள்ளங்கை, நடுவில் உலக உருண்டை, உருண்டை மேல் ஒரு செடி. இதே படத்தை எத்தனை சுவரில் வரைந்திருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. அதை ஒரு மாணவன் செல்போனில் படம் பிடித்துப் போட, அது சுற்றிச் சுற்றிப் புதுவாயல் பக்கம் ஒரு காலனி வரை போய்விட்டது. அங்கே ஜெனிபரும் அவள் கூட்டாளிகளும் சேர்ந்து ஊர்ப் புகையைப் பற்றி என்னவோ ஓவியம் செய்திருக்கிறார்களாம். மே தினத்தன்று கிராம சபையில் அதை வைக்கப்போகிறார்கள், வந்து நாலு வார்த்தை பேசுங்கள் என்றார்கள். நாலு வார்த்தைக்குப் பதினோரு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

திருவள்ளூரை ஒட்டின மணவாள நகரில் நாஷ்டா முடித்தேன். இட்லிக்கு வடகறி ஊற்றினார்கள். எங்கள் ஊரில் வடை மிஞ்சினால் மோரில் போடுவோம். இவர்கள் பருப்பை அரைத்து, ஆவியில் வேகவைத்து, உதிர்த்து, மசாலாவில் போட்டு, அதை இட்லி தலையில் கொட்டுகிறார்கள். இப்படி ஒரு பண்டம் இருப்பதைச் சொல்லாமலே என்னை ஐம்பத்திரண்டு வருஷம் வளர்த்துவிட்டார்களே என்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் சட்டைப் பையோரம் கொஞ்சம் சிந்திவிட்டது.

பெரியபாளையம் போய், அங்கிருந்து மாறி ஏறின பஸ்ஸில் நல்ல கூட்டம். மஞ்சள் சேலை கட்டின ஒரு அம்மா, அப்போதுதான் அம்மன் கோயிலில் மொட்டை போட்ட குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு, "செத்த புட்ச்சிக்கோ நைனா" என்று சொல்லிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். குழந்தை என் நெஞ்சில் தலை சாய்த்துத் தூங்கியது. அது இறங்கின பிறகு பார்த்தால், என் மார்பில் வட்டமாக அரைச்சாண் அகலத்துக்குச் சந்தனம். மேடைக்கென்று கொண்டுவந்தது அந்த ஒரே ஒரு கதர்ச் சட்டைதான். பெட்டியில் கசங்கிவிடும் என்று ஊரிலேயே போட்டுக்கொண்டு ஏறியிருந்தேன். என் புத்திக்கு அதுதான் எட்டியது.

புதுவாயல் கூட்டுரோட்டில் ஷேர் ஆட்டோ. என்னோடு இரண்டு வடநாட்டுப் பையன்கள், கையில் ஹெல்மெட். ஒருவன் போனில் இந்தியில் பேசிக்கொண்டே வந்தான். என்னங்க சொல்றாரு என்று டிரைவரைக் கேட்டேன்.

"அம்மாகிட்ட பேசிகினு வர்றான் சார். துன்னுட்டேன், இருமல் சுத்தமா போய்ட்சின்னு சொல்றான்."

சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பையன் போனைக் கையால் பொத்திக்கொண்டு இருமினான். இருமி முடித்து மறுபடி காதில் வைத்துச் சிரித்துக்கொண்டே பேசினான். எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஜெனிபர் வீட்டில் மூன்று பேர். அப்பா அந்தோணி, இரும்பு உருக்கும் மில் ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை. அவர் அப்பா காலத்தில் கழனி வேலை செய்த குடும்பம். அம்மா எஸ்தர் அன்றைக்கு இறால் வாங்கி எறா தொக்கு செய்து வைத்திருந்தார். மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன். எஸ்தருக்குச் சந்தோஷம், மறுநாள் என் வயிற்றுக்கு இல்லை.

சாயந்தரம் நைட் ஷிப்ட்டுக்குக் கிளம்பின அந்தோணி என்னை வாசலுக்குத் தனியாகக் கூப்பிட்டார். கழுத்தில் தொங்கின அட்டையைக் காட்டினார்.

"இது கேட் பாஸு சார். இது இருந்தாத்தான் உள்ள உடுவான். நான் கம்பெனி ஆளு கெடயாது, மேஸ்திரி ஆளு. அவன் பாஸைக் கழட்டுன்னா கழட்டணும். இந்தப் பொண்ணு கிராம சபைல படம் காட்றேன்றா. நீங்க வாத்தியாரு. வாணாம்னு சொல்லுங்க, கேட்டுக்குவா."

"சொல்றனுங்க" என்றேன்.

உள்ளே போனதும் ஜெனிபர் கேட்டாள். "நைனா இன்னா சொன்னாரு? பேஜாரு பண்ணாரா? நீங்க இன்னா சார் சொல்றீங்க, காட்டவா வாணாமா?"

"காட்டு கண்ணு, பயப்படாதே" என்றேன். இரண்டு பேருக்கும் நல்லவனாக இருக்க வேண்டும் என்றால் இப்படித்தான். வாத்தியார் வேலையில் இத்தனை வருஷம் நான் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான்.

மில் புகைபோக்கியில் தூசு பிடிக்கிற இயந்திரம் இருக்கிறதாம். பகலில் ஓடும், இரவில் நிறுத்திவிடுவார்கள் என்று ஊரே சொல்கிறது. இரவு ஓட்டச் சொல்லித் தீர்மானம் போட வேண்டும், அதற்குத்தான் இந்த ஓவியம். என்ன ஓவியம் என்று கேட்டால், "நாளைக்குக் காட்றோம் சார், சர்ப்ரைஸு" என்றாள்.

அப்போது நான் சும்மா இருந்திருக்கலாம். "எங்க ஊர்லயெல்லாம் காத்து அப்படியே இளநி மாதிரி இருக்கும்" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"உங்க ஊர்ல வெள்ளைத் துணி காயப்போட்டா, ஒரு மாசத்துல இன்னா கலரு வரும் சார்?"

"வெள்ளையாவேதான் இருக்கும்" என்று அடித்துச் சொன்னேன். ஊர் திரும்பின பிறகு மாடியில் ஒரு வேட்டியைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். எங்கள் தெருவுக்குப் பின்னால் தேங்காய் நார் மில் இருப்பதை அதுவரை நான் சட்டை செய்ததே இல்லை. நாலாம் நாளே வேட்டி காப்பி நிறம். இதை இன்னும் ஜெனிபரிடம் சொல்லவில்லை.

எனக்கு மொட்டைமாடி அறையைக் கொடுத்தார்கள். சட்டை வேர்வையில் ஊறிக் கிடந்ததால் கழற்றி மாடிக் கொடியில் போட்டுவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. மூன்று தரம் எறா தொக்கு சாப்பிட்டவன் சும்மா உட்கார்ந்திருப்பதா? "விருந்துக்குப் போன எடத்துல உக்காந்து தின்னுட்டு வராதே, ஒரு கை வேல செய்யோணும்" என்று எங்கம்மா சொல்லிச் சொல்லி வளர்த்த உடம்பு. சுற்றிப் பார்த்தேன். அறை மூலையில் ஒரு பக்கெட். அதில் மடித்து வைத்த, அழுக்கேறிக் கறுத்துப்போன வேட்டி. பக்கத்திலேயே சோப்பு. அடடா, எஸ்தரம்மா துவைக்க எடுத்து வைத்திருக்கிறார், நாம் முடித்துவிடலாம் என்று இறங்கினேன்.

அழுக்கென்றால் அப்படி ஓர் அழுக்கு. விரித்தபோது நடுவில் மட்டும் ஓர் ஆள் உயரத்துக்கு வெளுப்பாக இருந்தது. சரிதான், பாதி துவைத்துவிட்டு மீதியை விட்டிருக்கிறார்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதிலும் முழுசு கிடையாது என்று மனசுக்குள் ஒரு பிரசங்கம் வேறு. மூன்று தரம் சோப்புப் போட்டேன். கும்மினேன். மாடித் தளத்தில் கறுப்பாகத் தண்ணீர் ஓடியது. நீலம் போட்டு அலசி, உதறி, கொடியில் விரித்துப் பார்த்தால் கல்யாண வேட்டி மாதிரி வெளேரென்று இருந்தது. இடுப்பு கழன்றுபோனது. ஆனாலும் பெருமையாக இருந்தது, அதை மறைப்பானேன்.

ஒன்பது மணிக்கு ஜெனிபர் நாலு கூட்டாளிகளோடு மேலே வந்தாள். மூலையைப் பார்த்தாள்.

"சார், இந்த பக்கெட்டுல ஒரு வேட்டி இருந்துச்சே?"

நான் கொடியைக் காட்டினேன். சிரித்துக்கொண்டே காட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ஒரு பெண் கீழே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். ஜெனிபர் கொடிக்குப் போய் ஈர வேட்டியைத் தொட்டுப் பார்த்தாள். திரும்பி வந்து, "பரவால்ல சார்" என்றாள். கண் நிறையத் தண்ணீர். இரண்டு அறை விட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

அப்புறம்தான் சொன்னார்கள். வெள்ளை வேட்டியில் உருவம் வெட்டின பிளெக்ஸ் அட்டையைக் குத்தி மாடியில் தொங்கவிடுவது. தினமும் விழுகிற கரி சுற்றிலும் படியும், மூடின இடம் வெள்ளையாக நிற்கும். பெயின்ட் இல்லை, பிரஷ் இல்லை. ஒரு நாள், ஐந்து நாள், பத்து நாள், இருபது நாள் என்று நாலு வேட்டி கீழே பீரோவில் பத்திரமாக இருந்தன. முப்பதாம் நாள் வேட்டிதான் முக்கியம். முந்தாநாள் கணக்கு முடிந்ததும், முப்பத்தோராம் நாள் கரி ஒரு பொட்டுகூட ஏறக் கூடாது என்று கழற்றி, மடித்து, காய்ந்த பக்கெட்டில் வைத்திருக்கிறாள்.

"அதுல இருந்தது யாருங்க கண்ணு?"

"எங்க நைனா."

நைட் ஷிப்ட் முடித்து வந்து அந்தோணி பகலில் பழைய பிளெக்ஸ் பேனரை விரித்துத்தான் தூங்குவார். அப்படித் தூங்கும்போது சுற்றிலும் சாக்பீஸால் கோடு போட்டு, அவர் எழுந்து போனதும் வெட்டி எடுத்திருக்கிறாள். கையில் ஒரு சாப்பாட்டுப் பையைச் சேர்த்திருக்கிறாள். வேட்டியும் அவருடையதுதான், கோயிலுக்குக் கட்டுகிற வேட்டி. வேட்டி காணோம், பேனர் காணோம் என்று அவர் ஒரு மாசமாக வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கிறாராம், மாடிக்கு ஏறவே இல்லை. வாத்தியார் நான் கண்டுபிடித்துச் சோப்புப் போட்டுவிட்டேன்.

"நான் என்ன செய்யட்டும் சொல்லு கண்ணு. காலில வேணும்னாலும் விழறேன்" என்றேன். நிஜமாகவே சொன்னேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. கொடியின் கோடியில் தொங்கின என் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போய் அதை எடுத்து முதுகுப் பக்கத்தைத் திருப்பினாள். ஓர் இரவுதான் வெளியே கிடந்தது, தோள்பட்டை சாம்பல் பூத்திருந்தது.

"இது இன்னும் ஒரு நைட்டு தொங்கட்டும் சார்" என்றாள். "இன்னிக்கும் நாளைக்கும் போட்டுக்க வேற துணி கீதா?"

இல்லை. பெட்டியில் இருந்ததெல்லாம் லுங்கியும் துண்டும்தான். எஸ்தர் அந்தோணியின் பனியன் ஒன்றைக் கொடுத்தார். மில்லில் பாதுகாப்பு வாரத்துக்குக் கொடுத்ததாம். மார்பில் கொட்டை எழுத்தில் 'பாதுகாப்பே முதன்மை'. இரண்டு சைஸ் சின்னது. மே தினத்தன்று பஞ்சாயத்து ஆபீஸ் ஷாமியானாவில் சிறப்பு விருந்தினராக, என் தொப்பையில் அந்த வாசகத்தைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினோரு பக்கத்தை எடுத்து விசிறிக்கொண்டேன், அது அன்றைக்குச் செய்த ஒரே உபகாரம்.

லீவு நாள் என்பதால் நல்ல கூட்டம். முன்வரிசையில் மேஸ்திரி. அந்தோணி வரமாட்டார் என்று எஸ்தர் சொல்லியிருந்தார். ஆனால் வந்தார். மூன்றாவது வரிசையில் ஓரமாக வந்து உட்கார்ந்தார். பளீரென்ற வெள்ளை வேட்டியில்.

ஜெனிபர் என் பனியனைப் பிடித்து இழுத்தாள். "சார், முப்பதாம் நாளு அதோ குந்திகினு கீது."

எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. காய்ந்ததை எஸ்தர் மடித்து பீரோவில் வைத்திருக்கிறார். மனுஷன் ஒரு மாசமாகத் தேடின வேட்டி கிடைத்த சந்தோஷத்தில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

பிள்ளைகள் கயிறு கட்டி வேட்டிகளை வரிசையாகத் தொங்கவிட்டார்கள். ஒரு நாள் வேட்டியில் குடம் மங்கலாகத் தெரிந்தது. ஐந்தில் சைக்கிள், பத்தில் பசு, இருபதில் பள்ளிக்கூடப் பை மாட்டின குழந்தை நன்றாகவே தெரிந்தது. கடைசியில் என் சட்டை. 'பொள்ளாச்சி விருந்தாளி, ரெண்டு நைட்டு' என்று சீட்டு குத்தியிருந்தார்கள்.

ஜெனிபர் குச்சி வைத்துக் காட்டினாள். "இது மணவாள நகர் வடகறி. இது பெரியபாளையம் சந்தனம். மீதி எல்லாம் நம்ம ஊரு."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழி? மேஸ்திரி மட்டும் எழுந்து நின்றார்.

"தோ பாரும்மா, பஸ்ஸுல பட்ட அழுக்கைக் காட்டி மில்லு அழுக்குன்றியா? வெளியூரு ஆளு சட்டை, எங்க பொரண்டாரோ. வேட்டிய நீங்களே அடுப்புக் கரியில தேச்சிருப்பீங்க. ஆமா, நீ யாரு ஊட்டுப் பொண்ணு?"

கேட்டுவிட்டு வரிசை வரிசையாகப் பார்த்தார். ஜெனிபர் வாயைத் திறக்கவில்லை. அப்பா பெயரைச் சொன்னால் பாஸ் போய்விடும். வாத்தியார் எழுந்து ஏதாவது பேசியிருக்க வேண்டும். பாதுகாப்பே முதன்மை என்று உட்கார்ந்திருந்தேன்.

"எம் பொண்ணு" என்று ஒரு குரல்.

அந்தோணி எழுந்து வந்தார். கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றார். "காலைல ஆறு மணிக்கு நைட்டு முடிச்சிட்டு வந்தேன், மேஸ்திரி. மூணு வாட்டி சோப்பு போட்டுக் குளிச்சேன். இது கோயிலு வேட்டி. யாரோ நல்லா தொவச்சி வெச்சிகீறாங்க, எல்லாரும் பாத்துக்கங்க."

வேட்டி முனையைத் தூக்கி விரலில் சுற்றினார். காதுக்குள் விட்டுத் துடைத்தார். மூக்குக்குள் விட்டுத் துடைத்தார். விரித்துக் காட்டினார். மை தொட்ட மாதிரி இரண்டு கறுப்பு.

"இது எந்த பஸ்ஸுல பட்டது மேஸ்திரி?" என்றார்.

பின்வரிசையில் ஒருவர் எழுந்து கர்சீப்பை எடுத்தார். அப்புறம் இன்னொருவர். பஞ்சாயத்துத் தலைவர் அம்மா மைக்கை வாங்கி, "செக்ரட்டரி, நைட்டுலயும் மெஷினு ஓட்டணும்னு தீர்மானத்துல எழுது" என்றார். மேஸ்திரி போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். நான் பேசவே இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மறுநாள் அந்தோணிக்குக் காலை ஷிப்ட். விடிவதற்குள் கிளம்பிப் போனார். எனக்கு ஒன்பது மணிக்கு வண்டி. எஸ்தர் காப்பி கொடுத்தார், குடிக்கத் தோன்றவில்லை. ஜெனிபர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு மணிக்கு அவர் திரும்பி வந்தார். கையில் திறக்காத சாப்பாட்டுப் பை. கழுத்தில் அட்டை இல்லை.

"பாஸை வாங்கி வெச்சிகினான். பத்து நாளு கழிச்சி வா, பாக்கலாம்னான்" என்றார். எஸ்தர் தட்டு எடுத்து வந்தார். பையில் இருந்த எலுமிச்சைச் சாதத்தை எனக்கும் பாதி வைத்தார்.

"என்னால வந்ததுங்க எல்லாம்" என்றேன்.

"உடு சார். வேட்டி நல்லா தொவச்ச" என்றார். முதல் தரம் என்னை ஒருமையில் சொன்னார், எனக்கு அழுகை வந்துவிட்டது.

சாப்பிட்டுக் கை கழுவினவர் மகளைக் கூப்பிட்டார். "இன்னாமே, படுக்கற பேனரை நீதான் எடுத்தியாமே. பத்து நாளு ஊட்ல தான் கீறேன். இன்னொண்ணு வரஞ்சிக்கோ. எங்க படுக்கணும் சொல்லு."

மாடிக்குப் போனோம். வேறொரு பழைய பேனரைச் சுவரில் அழுத்திப் பிடிக்கிற வேலையை எனக்குக் கொடுத்தார்கள். ஓவிய வாத்தியாரை அந்த அளவுக்குத்தான் நம்பினார்கள், அது நியாயம். என் சட்டையைக் கேட்டேன். இன்னும் இருபத்தெட்டு நைட்டு கீது சார் என்றாள். பனியனோடேதான் ஊர் போக வேண்டும் என்று ஆயிற்று.

"படுக்காத நைனா" என்றாள் ஜெனிபர். "இந்த வாட்டி நில்லு."

அவர் சுவரில் முதுகு சாய்த்து நிமிர்ந்து நின்றார். சாப்பாட்டுப் பையைக் கையில் பிடித்துக்கொண்டார். அவள் காலிலிருந்து சாக்பீஸால் கோடு இழுத்துக்கொண்டு மேலே வந்தாள். நெஞ்சுக்கு நேராக வந்ததும் அவர் கை தானாகக் கழுத்துக்குப் போய்த் தடவியது.

"பாஸு தான் இல்லியே" என்றார்.

"ஆடாத நைனா. அது இல்லாமதான் வரையப் போறேன்."